பேய்க்கும் எறும்பு கடிக்கும்

இது நீண்ட பதிவு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பவர்களும், நாளைக் காலைக்குள் ஓர் இயலை முடித்து நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டியவர்களும் சேமித்துவைத்துப் பிறகு வாசிக்கலாம்.

சென்ற ஆண்டு என் ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில், குழு உறுப்பினரான மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ இருக்கிறது, மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ இருக்கிறது. வரலாற்றின் பாரத்தைச் சுமக்கும் அத்தகைய நூல்களை விட்டுவிட்டு, அமெரிக்கரும் கனடியரும் ஜப்பானியரைப் போல வரைந்த பேய்ச் சிரிப்புக் கதைகளுக்கு ஐந்தாண்டுகளைச் செலவிடுவது ஏன் என்று கேட்டார். கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். நானோ கலப்பினத்தன்மை, பண்பாட்டுப் பெயர்வு, வகைமைகளின் எல்லைகள் என்று கையில் கிடைத்த கலைச்சொற்களையெல்லாம் அள்ளி அவர்முன் கொட்டினேன். அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். விடை கிடைக்காத ஆசிரியரின் தலையசைப்பு எப்படி இருக்கும் என்பதை மாணவனாக இருந்த எவரும் அறிவார்.

அன்று சொல்லாத விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை.

முதலில், அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ‘மங்கா’ என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. (இதைப் பற்றி ஆராய்கிறேன் என்று வீட்டில் சொன்ன நாளில், ‘மாங்காயில் ஆராய என்ன இருக்கிறது, அதற்குத் தோட்டக்கலைத் துறையல்லவா போக வேண்டும்’ என்று அப்பா வருந்தினார்.) ஜப்பானிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கப்படாமல், தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதி, மங்காவின் வரைமுறையில் வரையப்படும் நூல்களை ‘அசல் ஆங்கில மங்கா’ என்கிறார்கள். ஆர்வலர்கள் சுருக்கமாக ஓ.இ.எல். என்பார்கள். இப்பெயரில் உள்ள ‘அசல்’ என்ற சொல் எத்தனை தகராறுகளுக்குக் காரணமாயிற்று என்பதே தனி ஓர் இயலுக்குரிய செய்தி.

டோக்கியோபாப் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 2002-இல், ஜப்பானிய மூலத்தைப் போலவே வலமிருந்து இடமாக வாசிக்கும் வகையில் மொழிபெயர்ப்புகளை அச்சிட்டு, அவற்றை ‘நூறு விழுக்காடு உண்மையான மங்கா’ என்று விளம்பரப்படுத்தியது. அதற்குமுன் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சிடுவதே வழக்கமாக இருந்தது. வலக்கை வீரர்கள் எல்லாரும் இடக்கையில் வாள் சுழற்றினார்கள். வாசகர்கள் இந்த உண்மைத்தன்மையைப் பெரிதும் விரும்பினார்கள். நகைமுரண் என்னவென்றால், அதே பதிப்பகம் அதே காலத்தில் அமெரிக்க இளைஞர்களுக்கு மங்கா வரையும் போட்டி நடத்தி, வென்றவர்களின் கதைகளையும் மங்கா என்றே வெளியிட்டது. வாசகர்கள் வெகுண்டார்கள். பக்கம் வலமிருந்து ஓடினால்தான் உண்மை என்று அவர்களுக்குக் கற்பித்ததே அப்பதிப்பகம்தான். இப்போது இடமிருந்து வலமாக ஓடும் ஒன்றைக் காட்டி இதுவும் அதுவே என்றால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

எனக்கு இந்தச் சண்டை எப்போதும் சற்று வேடிக்கையாகவே தோன்றும். சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைத் தம் சொந்த ஊர்க்காரராகக் கருதி வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவர் பிரித்தானிய இதழ் ஒன்றின் நாயகர். அவரை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பானியர். என் பெரியப்பாவிடம் போய் மாயாவி அசலா போலியா என்று கேட்டால் அவர் என்னைத்தான் ஐயத்தோடு பார்ப்பார்.

நான் இத்துறைக்குள் வந்தது திட்டமிட்டு அன்று. ஹைதராபாத் வந்த முதல் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் வீதிக்குப் போவது என் வழக்கம். கடைகள் மூடிக்கிடக்கும் அந்நாளில் நடைபாதை முழுவதும் பழைய புத்தகங்கள் விரிந்துகிடக்கும். நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளுக்கும் பழைய மருத்துவப் பாடநூல்களுக்கும் நடுவே, கறுத்த அட்டையோடு ஒரு சித்திரக்கதை கிடந்தது. ஸ்வெட்லானா ச்மகோவாவின் ‘நைட்ஸ்கூல்’, முதல் தொகுதி. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தின் விலைதான். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் வாசிக்கத் தொடங்கியவன், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

ச்மகோவா ரஷ்யாவில் பிறந்து பதினாறு வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 2005 முதல் 2007 வரை மூன்று தொகுதிகளாக வந்த ‘டிராமாகான்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அனிமே ரசிகர்களின் மாநாட்டில் நடக்கும் காதல் நகைச்சுவைக் கதை அது. அதன்பின் எழுதியது ‘நைட்ஸ்கூல்’. யென் பிளஸ் என்னும் மாத இதழில் தொடராக வந்து, 2009-2010 ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக நூலுருப் பெற்றது. அந்த இதழின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒரு பக்க அட்டையைத் திறந்தால் ஜப்பானியக் கதைகள் வலமிருந்து இடமாக ஓடும். மறுபக்க அட்டையைத் திறந்தால் கொரியக் கதைகளும் ஆங்கிலக் கதைகளும் இடமிருந்து வலமாக ஓடும். எந்தப் பக்கம் தொடங்கினாலும் இதழின் உள்ளே ஓரிடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அசல் எது என்ற வழக்குக்கு அவ்விதழின் தையற்காரர் சொன்ன தீர்ப்பு இதைவிடச் சிறப்பாக இருக்க முடியாது.

கதை இதுதான். பகலில் சாதாரணப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி இரவில் பூட்டப்பட்டதும், அதே கட்டடத்தில் வேறொரு வகுப்பு தொடங்குகிறது. இரத்தக்காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள், ‘வியர்ன்’ எனப்படும் ஒருவகைச் சூனியக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே மந்திரமும் படிக்கிறார்கள், கால்குலஸும் படிக்கிறார்கள். கால்குலஸிலிருந்து மாயாவிகளுக்கும் விலக்கு இல்லை என்பதில்தான் இக்கதையின் சிரிப்பு முதலில் பிடிபடும். வியர்ன் ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே பிணைக்கப்பட்ட ஆவித்துணை ஒன்று உண்டு; அதற்கு ‘ஆஸ்ட்ரல்’ என்று பெயர். அலெக்ஸ் என்ற வியர்ன் சிறுமி பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிப்பவள். அவளுடைய அக்கா சாரா, இரவுப் பள்ளியின் காப்பாளர். ஒருநாள் சாரா பணியிடத்திலேயே காணாமற்போகிறாள். அதுகூடப் பெரிதன்று. சாரா என்று ஒருத்தி இருந்தாள் என்ற நினைவே எல்லாரிடமிருந்தும் துடைக்கப்படுகிறது. அலெக்ஸ் ஒருத்திக்கு மட்டும் நினைவிருக்கிறது. யாரிடம் போய் என் அக்காவைக் காணவில்லை என்று சொல்வாள்? எந்த அக்கா என்றுதானே கேட்பார்கள்? தேடுவதற்காக அவள் அப்பள்ளியிலேயே சேர்கிறாள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. வாசிக்க விரும்புவோர் என்னைச் சபிக்க நேரக்கூடாது.

பேருந்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது எது என்று பிறகு பலமுறை எண்ணிப்பார்த்திருக்கிறேன். கதைக்கு வருமுன் அதன் பக்க அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மங்காவில் ‘சிபி’ என்றொரு வரைமுறை உண்டு. (புறாவுக்குத் தசை அரிந்து கொடுத்த சோழனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஒரு பாத்திரம் வெட்கப்பட்டாலோ கோபப்பட்டாலோ திகைத்தாலோ, அதுவரை இயல்பான உடலமைப்போடு வரையப்பட்ட அவ்வுருவம், ஒரே ஒரு கட்டத்திற்கு மட்டும் பெருந்தலையும் குட்டை உடலும் புள்ளிக் கண்களுமாகச் சுருங்கிவிடும். நெற்றியில் ஒரு வியர்வைத்துளி தொங்கும். அடுத்த கட்டத்தில் பழைய உருவம் திரும்பிவிடும். இந்த மாற்றத்திற்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. வாசகர் அதை இலக்கணமாகவே ஏற்றுக்கொள்கிறார். ‘டிராமாகா’னில் இதை அள்ளி இறைத்த ச்மகோவா, ‘நைட்ஸ்கூ’லில் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். கறுப்பு மை தோய்ந்த இரவுப் பக்கங்களுக்கிடையே அவ்வப்போது ஒரு பொம்மை முகம் எட்டிப்பார்க்கிறது.

மெய்யியலாளர் நோயல் கேரல் 1999-இல் எழுதிய ‘அச்சமும் நகைச்சுவையும்’ பற்றிய கட்டுரை இத்துறையில் அனைவரும் மேற்கோள் காட்டுவது. பேய், பிசாசு, நடைப்பிணம் ஆகியவை நம் வகைப்பாடுகளை மீறுபவை. உயிருள்ளது என்றோ உயிரற்றது என்றோ அவற்றைப் பிரிக்க முடியாது. நகைச்சுவையும் அதே மீறலிலிருந்துதான் பிறக்கிறது. வேறுபாடு, அது நமக்குத் தீங்கு செய்யுமா என்பதில் உள்ளது. தீங்கின் கூறு இருந்தால் அச்சம். அதை எடுத்துவிட்டால் சிரிப்பு. சுருக்கமாக இதுதான் அவர் வாதம். எனக்கு இதில் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் இது ஒன்று போய் மற்றொன்று வருவதை விளக்கும் வாதம். திரைப்படத்திற்குப் பொருந்தும், அங்கே ஒரு கணம் போனால்தான் மறுகணம் வரும். சித்திரக்கதையில் விரித்த இரு பக்கங்களும் ஒரே பார்வையில் கண்ணில் விழுந்துவிடுகின்றன. எழுத்தை வாசிக்கத் தொடங்குமுன்பே, வலப்பக்க மூலையில் அந்தக் கோமாளி முகம் இருப்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. இடப்பக்கத்தின் இருட்டை நான் வாசிப்பது அந்த அறிவோடுதான். சிரிப்பு வந்து அச்சத்தை விரட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. அச்சத்தின் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்து, நம்மையும் உட்காரச் சொல்கிறது.

இந்தக் கலவையை எல்லாரும் ஒரே போலக் கையாள்வதில்லை. கீத் கிஃபன் எழுதி பெஞ்சமின் ரோமன் வரைந்த ‘ஐ லவ் ஹாலோவீன்’ குரூரத்தையே சிரிப்பாக்க முயல்கிறது. மாறுவேடமிட்டு மிட்டாய் கேட்டு வரும் சிறுவர்கள் செய்யும் கொடுமைகளைக் கண்டு முதல் பத்துப் பக்கம் சிரித்தேன்; பிறகு அலுப்புத் தட்டியது. அங்கே இறப்பவர் யார் என்பது யாருக்கும் பொருட்டன்று. எரிக் வைட்டின் ‘மை டெட் கேர்ள்ஃப்ரெண்ட்’ (2007) வேறு வகை. அசுரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் எந்த மாயசக்தியும் இல்லாத ஒரு சாதாரணப் பையன். அவன் குடும்பத்தில் ஒவ்வொருவரும் அபத்தமான முறையில் இறந்து, ஆவிகளாக அவனோடு வாழ்கிறார்கள். இறந்தவர்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை. தம் சாவின் கோமாளித்தனத்தோடு அங்கேயே இருக்கிறார்கள். அந்த ஒரு கற்பனைக்காகவே அந்நூலின் பிற குறைகளை மன்னித்துவிடலாம். முதல் தொகுதி என்று அச்சிட்டு வந்தது, இரண்டாவது வரவில்லை.

இனி, கூட்டத்தில் சொல்லாத செய்திக்கு வருகிறேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழகத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆண்டின் மின்வெட்டை நினைவூட்ட வேண்டியதில்லை. இரவில் ஒரு மணிநேரம் விளக்கு எரிந்தால் அடுத்த ஒரு மணிநேரம் எரியாது. அந்த இருட்டில் அக்கா எனக்குப் பேய்க்கதை சொல்வாள். அவளுடைய பேய்கள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஓர் அற்பத் தொல்லை இருக்கும். கணக்கில் தோற்ற பேய், குளிர்காலத்தில் சளி பிடித்த பேய், தன் பல்லைக் கண்டு தானே பயப்படும் பேய் என்று வரிசையாக வரும். அவற்றில் தலையாயது, பள்ளிக்குப் போகும் வழியில் நிற்கும் புளியமரத்துப் பேய். அந்த மரத்தில் முசுறு ஏறிவிட்டது. பேய் வழிப்போக்கரை அச்சுறுத்த வாயைத் திறக்கும். அதற்குள் முசுறு கடித்துவிடும். மனிதரென்றால் காலைத் தரையில் தட்டி எறும்பை உதறிவிடலாம். பேய்க்குத்தான் கால் தரையில் பாவாதே! உதற முடியாமல் அந்தரத்தில் குதிக்கும். இந்த இடத்தில் அக்கா எழுந்து நின்று குதித்துக் காட்டுவாள். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் சுவரில் அவள் நிழல் குதிப்பது அச்சமாகவும் இருக்கும்; எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பும் வரும்.

2014-இல், ஒன்பது நாள் காய்ச்சலில் அக்கா இறந்துபோனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

அதன்பின் வீட்டில் நடந்ததை நான் யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. படம் மாட்டினால் அம்மா தாங்கமாட்டாள் என்று அத்தை ஒருவர் சொன்னார். படம் மாட்டப்படவில்லை. அவள் பெயரைச் சொல்லி அழவைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் சொல்லவில்லை. அவளுடைய துணிமணிகள், கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் யாருக்கோ பயன்படட்டும் என்று போயின. ஓராண்டு கழித்து அப்பா வட்ட வழங்கல் அலுவலகத்திற்குப் போய்க் குடும்ப அட்டையில் அவள் பெயரை எடுத்துவந்தார். அந்த விண்ணப்பத்தின் பெயரே ‘பெயர் நீக்கம்’ என்பதுதான். எத்தனை பிள்ளைகள் என்று பயணத்தில் யாராவது கேட்டால் ஒரே பையன் என்று அவர் சொல்லத் தொடங்கினார். விளக்கம் சொல்ல வேண்டிய துயரத்திலிருந்து தப்புவதற்காகத்தான் என்பது எனக்குப் புரிந்தது.

நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் ‘உடன்பிறந்தோர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கட்டம் சிறியதாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அறைத்தோழனிடமும் நான் ஒற்றைப் பிள்ளை என்றே சொன்னேன். ஒருமுறை சொன்னபின் அதை மாற்றிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது பொய் சொன்ன எல்லாருக்கும் தெரியும்.

இந்நிலையில்தான், விடுதிக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பேருந்தில் நான் அந்நூலைப் பிரித்தேன். கதையில் சாராவைத் துடைத்தழிக்க ஒரு பெரும் மாயம் தேவைப்பட்டது. எங்களுக்கு மாயம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர்மீது ஒருவர் காட்டிய பரிவே போதுமானதாக இருந்தது. அலெக்ஸ் செய்ததை நான் செய்யவில்லை என்பதும், நினைவிருந்த ஒருவனும் மறந்தவன்போல எழுதிக் கையொப்பமிட்டு வந்தான் என்பதும் இறங்கவேண்டிய நிறுத்தத்திற்கு முன்பே எனக்கு உறைத்துவிட்டன.

‘இழப்பைப் பற்றிய கனமான நூல்கள் ஆயிரம் இருக்க, இதுவா உன்னை அசைத்தது?’ என்று பேராசிரியர் கேட்கக்கூடும். அவற்றில் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன்; வியந்தும் இருக்கிறேன். ஆனால் அவற்றுள் எதிலும் என் அக்கா நுழைய முடியவில்லை. அவள் கனமான ஆள் இல்லை. துக்க வீட்டில்கூட யாராவது மூக்குறிஞ்சும் ஒலியைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடுகிறவள். மௌனமும் மெழுகுவர்த்தியும் நிறைந்த பக்கங்களில் அவளை வைத்தால் அது வேறு யாரோ ஒருத்தியாகிவிடும். கறுப்பு மைப் பக்கத்தின் மூலையில் திடீரென்று தலை பெருத்து, கை கால் குறுகி, வியர்வைத்துளியோடு நிற்கும் அந்த உருவத்தில்தான் அவள் இருந்தாள். முசுறு கடித்த பேயாகக் குதித்தபோது அவள் எனக்குக் காட்டியது அந்த உருவத்தைத்தான். மங்கா என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள்.

தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை மறந்துவிட்டாயா என்றார். பசியால் வாடும் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைப்பதும், அதைப் பங்கிட்டுக்கொள்வதில் அவை படும் பாடும் நம் இலக்கியத்தில் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன என்றார். (அதற்கும் கூடுதலான ஆண்டுகள் ஆயின என்று அவரிடம் நான் திருத்தவில்லை.) பிணக்குவியலுக்கு நடுவே கவிஞர் நம்மைச் சிரிக்கவைப்பது போரை மறக்கச்செய்வதற்கு அன்று என்பது பரணி வாசித்தவர்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே அந்தக் களத்தைச் சுற்றிப் பார்த்துவிடுகிறோம். அச்சம் மட்டும் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்போம். இதை வைத்து நான் செயங்கொண்டாருக்கும் ச்மகோவாவுக்கும் உறவு கற்பிக்கப்போவதில்லை. அப்படிப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளின்மேல் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

இத்துறையின் வரலாற்றிலும் ஒரு பெயர் நீக்கம் நடந்திருக்கிறது. டோக்கியோபாப் 2011-இல் தன் அமெரிக்க வெளியீட்டுப் பணியை நிறுத்தியது. ஆங்கில மங்கா வரைந்த இளைஞர்கள் பலர் அதற்கு முன்பே பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. உரிமையைப் பதிப்பகத்தோடு பகிர்ந்துகொண்டு ஒப்பந்தம் செய்திருந்ததால், தாம் படைத்த பாத்திரங்களை வேறிடத்தில் கொண்டுபோய்க் கதையை முடிக்கவும் அவர்களிற் பலரால் இயலவில்லை. முதல் தொகுதி மட்டும் வந்த தொடர்களின் பட்டியல் ஒன்றை ஆய்வுக்காகத் தயாரித்துவருகிறேன். ச்மகோவா தப்பித்தவர்களில் ஒருவர். ‘நைட்ஸ்கூல்’ வேறு பதிப்பகத்தில் நான்கு தொகுதிகளோடு முறையாக நிறைவுற்றது. 2020-இல் அதே வியர்ன் உலகத்திற்கு இன்னும் இளைய வாசகர்களுக்காக மீண்டும் வந்தார். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. இவர்கள் வரைந்ததை ஜப்பானிய மங்காவின் வரலாறும் சேர்த்துக்கொள்வதில்லை. அமெரிக்கக் காமிக்ஸின் வரலாறும் ஓர் அடிக்குறிப்போடு நகர்ந்துவிடுகிறது. ஐந்தாண்டுகள் எதற்கு என்ற கேள்விக்கு இதையும் ஒரு விடையாகச் சொல்லியிருக்கலாம். அன்று நாக்கில் வரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப்பொங்கல் இரவில் மின்மாற்றியில் ஏதோ பழுது, தெருவே இருண்டுவிட்டது. அப்பா திண்ணைக் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

“என்னமோ மாங்கா பத்தி எழுதுறேன்னியே, அதுல என்னதான்டா இருக்கு?”

எந்தக் குழுவின்முன்னும் இல்லாத தயக்கத்தோடு கதையைச் சொன்னேன். இரவுப் பள்ளி, கால்குலஸ் படிக்கும் பேய்கள், ஆவித்துணை எல்லாம் சொன்னேன். அக்கா காணாமற்போகும் இடத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். விடவில்லை.

“எல்லாரும் மறந்துட்டாகளா? அந்தச் சின்னவளுக்கு மட்டும் ஞாபகம் இருக்கா?”

“ஆமாம்மா.”

அம்மா நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

“அவ ஒரு கதை சொல்லுவாளே. புளியமரத்துப் பேயி. எறும்பு கடிச்சா உதறத் தெரியாம தவ்வுமே.”

பதினொரு ஆண்டுகளில் அந்த ‘அவ’ என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்தக் கதை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அடுப்படிலதானே இருந்தேன். சிரிச்சா கதைய நிப்பாட்டிருவீகன்னு முந்தானைய வாயில வச்சிக்கிட்டு நிப்பேன்.”

திண்ணையில் கட்டில் கிரீச்சிட்டது. தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த அப்பா, முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலே சொன்னார்.

“எறும்பில்ல. முசுறு.”

அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டம் மார்ச்சில் இருக்கிறது. மூன்றாம் இயலின் வரைவை அதற்குள் கொடுத்தாக வேண்டும். ஊரிலிருந்து வந்த மறுநாள், விடுதி அலுவலகத்தில் படிவத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார் எழுத்தர். ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்றேன். திருத்தத்திற்குத் தனி விண்ணப்பம் உண்டாம். நெறியாளரின் கையொப்பம் வேண்டுமாம். வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ‘நைட்ஸ்கூல்’ முதல் மூன்று தொகுதிகளின் அச்சுப்படிகள் என்னிடம் உள்ளன. நான்காவதைத் திரையில்தான் வாசித்திருக்கிறேன். இரு பக்கங்களையும் ஒருங்கே விரித்துப் பார்க்க முடியாமல் என் வாதத்தின் பாதி அங்கே நிற்கிறது. யாரிடமாவது பழைய படி இருந்தால் தெரிவியுங்கள். அஞ்சல் செலவு என்னுடையது.